மூச்சுக்குழாய் விரிந்தது, சளி வரவில்லை: ஓர் இட்லிக் கடை அம்மாவின் நிகழ்வு ஆய்வு

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். நெஞ்சு நோய்ப் பிரிவில் வேலை. கீழே உள்ள மருந்து முடிவுகள் எங்கள் பிரிவின் நுரையீரல் மருத்துவர் எடுத்தவை. சளியை வெளியே எடுக்கும் வேலையும் அதை அளந்து எழுதியதும் என் பொறுப்பு. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அளவு எண்களை மாற்றவில்லை.

பின்னணி

அந்த அம்மாவுக்கு வயது 61. தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பது வருடமாக இட்லிக் கடை. விறகு அடுப்பு, தகரக் கொட்டகை, புகை போக ஒரு சின்னத் திறப்பு. பீடியோ சிகரெட்டோ தொட்டதில்லை. 32 வயதில் காசநோய் வந்தது. மாத்திரை சாப்பிட ஆரம்பித்து மூன்றாவது மாதம் இருமல் நின்றதும் நிறுத்திவிட்டார். அடுத்த வருடமே திரும்ப வந்தது. இரண்டாம் தடவை ஊசியும் மாத்திரையுமாக முழுக்க முடித்தார். காசம் போய்விட்டது, ஆனால் இடது நுரையீரலை அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை. சிடி ஸ்கேனில் இடது மேல்மடலில் தழும்பு. கீழ்மடலில் மூச்சுக்குழாய்கள் அகன்று, சுவர் தடித்து, சில இடங்களில் திராட்சைக் கொத்து மாதிரி உப்பியிருந்தன. காசத்துக்குப் பிந்தைய மூச்சுக்குழாய் அகற்சி. அதன் மேல் விறகுப் புகை தந்த நாள்பட்ட மூச்சடைப்பு நோய். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது எங்கள் பக்கம் அரிதல்ல.

எங்களிடம் வருவதற்கு முந்தைய 12 மாதத்தில் மூன்று முறை வெவ்வேறு இடங்களில் அனுமதியாகியிருந்தார். ஆன்டிபயாடிக் நான்கு தடவை. ஒவ்வொரு முறையும் நெபுலைசர் வைத்ததும் மூச்சு லேசாகி வீட்டுக்குப் போவார். சில வாரத்தில் பழைய கதை.

வந்தபோது கண்டது

ஐந்து நாள் காய்ச்சல், இழைப்பு, பச்சை நிறச் சளி. ஆக்சிஜன் அளவு 91. நாடித்துடிப்பு 104. இடது முதுகின் கீழ்ப்பக்கம் காது வைத்தால் கொரகொரவென்று கரடுமுரடான ஒலி, இருமிய பிறகும் மாறாமல்.

"தம்பி, சளி உள்ளயே ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. இருமி இருமி விலா எலும்பு வலிக்குது, ஒரு பொட்டு வரமாட்டேங்குது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கே முழுசாகக் கேட்டிருந்தால் நான்கு நாள் மிச்சமாகியிருக்கும்.

மருமகள் ஒரு மஞ்சப்பையைக் கட்டிலில் கவிழ்த்தார். அதில் இருந்தவை: கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய சால்புட்டமால் கேப்சூல் ஒரு டப்பா, டியோட்ரோபியம் கேப்சூல் ஒரு டப்பா, பாதிக்கு மேல் தொடாமலே, தியோஃபிலின் சேர்ந்த மாத்திரை ஒரு அட்டை (இந்த மூன்றும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகள்), மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய இருமல் மருந்து இரண்டு பாட்டில், தனியாக ஒரு "சளி மாத்திரை". பாட்டில் இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே உயரம். வீட்டில் இரண்டுக்கும் பெயர் "சளி டானிக்"தான். ஒன்றில் சளியை இளக்கும் அம்ப்ராக்சாலும் குழாயை விரிக்கும் டெர்புட்டாலினும் இருந்தன. மற்றதில் இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் குளோர்ஃபெனிரமினும். ஒன்று சளியை வெளியேற்ற உதவுவதற்கு, மற்றது இருமலையே நிறுத்துவதற்கு. எது கைக்குக் கிடைக்கிறதோ அதில் ஒரு மூடி.

கேப்சூலை எப்படி எடுக்கிறார் என்று செய்து காட்டச் சொன்னேன். கருவியில் போட்டார், திருகினார், வாயில் வைத்தார், உள்ளே இழுப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஊதினார். பொடி சேலையில் கொட்டியது. "தெனம் இப்பிடித்தான், கொஞ்சம் வீணாப் போகும்" என்றார்.

மூச்சு அளவுச் சோதனையை மூன்றாம் நாள்தான் செய்ய முடிந்தது. முதல் நொடியில் ஊதும் அளவு 0.92 லிட்டர், அவர் உயரத்துக்கும் வயதுக்கும் எதிர்பார்ப்பதில் ஏறக்குறையப் பாதி. முழுமூச்சையும் ஊதிய அளவு 1.77 லிட்டர். ஸ்பேசர் (பம்பின் வாயில் மாட்டும் காற்றுக் குடுவை) வழியாக 400 மைக்ரோகிராம் சால்புட்டமால் கொடுத்து 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் முதலாவது 0.99, இரண்டாவது 1.98. முதல் எண்ணில் 70 மில்லிதான் கூடியிருக்கிறது. 12 விழுக்காடும் 200 மில்லியும் சேர்ந்து கூட வேண்டும் என்ற பழைய கணக்கில் அந்த எண் தோற்றுவிட்டது. ஆனால் இரண்டாவது எண்ணில் 210 மில்லி கூடியிருக்கிறது. மருந்து உள்ளே அடைபட்டிருந்த காற்றை வெளியே விட்டிருக்கிறது. அவருக்கு மூச்சு லேசாவது அதனால்தான். "மருந்து வேலை செய்யவில்லை" என்று முதல் எண்ணை மட்டும் பார்த்து எழுதிவிடுவது எளிது. நானே கேஸ் ஷீட்டில் அப்படித்தான் எழுதினேன், மருத்துவர் அடித்துத் திருத்தினார்.

சளியில் காசநோய்க்கான சிபிநாட் சோதனை நெகட்டிவ். வளர்ப்புச் சோதனையில் சூடோமோனாஸ் என்ற கிருமி வளர்ந்தது.

முதல் நான்கு நாள்

சால்புட்டமால் 2.5 மில்லிகிராம், இப்ராட்ரோபியம் 500 மைக்ரோகிராம் கலந்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை நெபுலைசர். சளி வரவில்லை என்று இரண்டாம் நாள் இரவு அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக்கினார்கள். வழக்கமாக நடப்பதுதான். சளி கட்டியிருக்கிறது என்றால் "இன்னொரு நெபு வை" என்பது வார்டில் யார் வாயிலும் தானாக வரும்.

சளிக்கு அளவுக்கோடு போட்ட கப் கொடுத்து 24 மணி நேரக் கணக்கு வைத்தேன். முதல் நாள் 8 மில்லி, அடுத்து 6, 6, 5. மருந்து கூடக் கூடச் சளி குறைந்துகொண்டு வந்தது. கை நடுங்க ஆரம்பித்தது. நாடி 118. பொட்டாசியம் 3.1-க்கு இறங்கியது. சால்புட்டமால் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளும். கூடவே ஸ்டீராய்டும் போய்க்கொண்டிருந்தது, அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

அப்போதுதான் நெபுவுக்கு முன்னும் பின்னும் இருமலின் வேகத்தை அளந்து பார்த்தேன். ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் முகக்கவசத்தைச் செருகி, அதற்குள் இருமச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நெபுவுக்கு முன் நிமிடத்துக்கு 210 லிட்டர். அரை மணி கழித்து 180. மறுநாள் 205, 185. சாதாரணமாக ஊதும் வேகம் மட்டும் 130-லிருந்து 150-க்கு ஏறியிருந்தது. அதாவது இருமாமல் ஊதினால் குழாய் நன்றாகத் திறந்திருக்கிறது. பலமாக இருமினால் முன்பைவிட மோசம். காதுக்கும் அது கேட்டது. நெபுவுக்குப் பிறகு வரும் இருமல் ஓட்டைத் தகரத்தைத் தட்டியது போல, பிடிமானமே இல்லாமல் இருந்தது.

இடையில் ஒரு சறுக்கல்

வளர்ப்புச் சோதனை முடிவு வந்ததும் நான்காம் நாள் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்தார்கள். தியோஃபிலின் மாத்திரை எங்கள் மருந்துச்சீட்டில் இல்லை. ஆனால் மஞ்சப்பை கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது, மருமகளும் வழக்கம்போல இரண்டு வேளையும் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே. ஆறாம் நாள் காலையில் இரண்டு முறை வாந்தி, இரவெல்லாம் தூக்கமில்லை, நாடி 132, கை நடுக்கத்தில் தம்ளர் பிடிக்க முடியவில்லை.

தியோஃபிலினைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியை சிப்ரோஃப்ளாக்சசின் தடுக்கும். மருந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ரத்தத்தில் தியோஃபிலின் அளவைப் பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. ஈசிஜி எடுத்து, மாத்திரையை நிறுத்தி, நெபுவையும் குறைத்து இரண்டு நாள் கவனித்தோம். நாடி 96-க்கு இறங்கியது.

பையைக் கவிழ்த்து எண்ணிய நான், எண்ணியதை எழுதி வைத்தேனே தவிர, பையை வாங்கி உள்ளே வைக்கவில்லை.

கேள்வியை மாற்றியது

ஆறாம் நாள் மாலை மருத்துவரும் நானும் நர்ஸும் உட்கார்ந்து பேசினோம். அதுவரை கேள்வி "எவ்வளவு மருந்து கொடுத்தால் சளி வரும்" என்பதாக இருந்தது. அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு மருந்தும் சளி நகர்வதற்கு என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று தனித்தனியாகப் பார்த்தோம்.

நல்ல மூச்சுக்குழாயின் உள்சுவரில் ஒவ்வொரு செல்லிலும் 200 அளவில் நுண்மயிர்கள் இருக்கும். நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை ஒரே திசையில் அடித்து, மேலே மிதக்கும் சளிப் படலத்தைத் தொண்டைப் பக்கம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் ஏற்றிவிடும். நாற்று நட்ட வயலில் காற்று ஓடுவதைப் பார்த்திருந்தால் அந்த அசைவு புரியும். சால்புட்டமாலும் டெர்புட்டாலினும் சேர்ந்த குடும்பம் தசையைத் தளர்த்துவதோடு இந்த அடியையும் சற்று வேகப்படுத்தும். உப்பும் நீரும் குழாய்க்குள் கொஞ்சம் சுரக்கவும் வைக்கும். தியோஃபிலினும் நுண்மயிருக்கு உதவும் என்பது பழைய அறிவு. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அடிப்பதற்கு மயிர் இருக்க வேண்டும். காசம் தின்று, வருடக்கணக்கில் கிருமி குடியிருந்து, புகையும் பட்ட கீழ்மடலில் பல இடங்களில் அது தழும்பாகிவிட்டிருக்கும். நாற்றே இல்லாத வயலில் காற்று எவ்வளவு அடித்தென்ன?

நுண்மயிர் போன இடத்தில் மிச்சமிருக்கும் ஒரே வழி இருமல், அதாவது காற்றின் வேகம். அடைப்பைத் திறந்து, சளிக்குப் பின்னால் காற்று போய்ச் சேர வழி செய்கிற அளவுக்கு மூச்சுக்குழாய் விரிப்பான் இங்கே பெரிய உதவி. 210 மில்லி காற்று என்பது சளியைத் தள்ளக் கிடைத்த 210 மில்லி. ஆனால் இந்த அம்மாவின் அகன்ற குழாய்களில் சுவரைத் தாங்கும் குருத்தெலும்பும் மீள்நாரும் சிதைந்திருக்கும். அங்கே சுவரை விறைப்பாக வைத்திருப்பதில் தசைக்கும் பங்கு உண்டு. அதையும் முழுக்கத் தளர்த்திவிட்டால், பலமாக இருமும்போது குழாய் வெளியழுத்தத்தில் மடிந்துபோகும். சிலரிடம் இப்படி நடப்பது தெரிந்த விஷயம். இவரிடம் இருமல் வேகம் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். குழாய்க்குள் கேமரா விட்டு (பிராங்கோஸ்கோபி) பார்க்கவில்லை, களைப்பும் காரணமாக இருந்திருக்கலாம்.

அடுத்தது டியோட்ரோபியம். பாதி டப்பா ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டதற்கு, "அது சளியக் காயவச்சுரும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க, வாயும் காஞ்சு போகுது" என்றார் மருமகள். இந்தச் சந்தேகம் முழுக்கத் தப்பில்லை. இந்த மருந்துகளின் பாட்டி அட்ரோபின்; அது ஊமத்தையில் இருக்கிறது. மூச்சிரைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் வழக்கம் 1802 வாக்கில் மதராஸிலிருந்துதான் ஜென்ட் என்ற ஆங்கிலேயத் தளபதி மூலம் பிரிட்டனுக்குப் போனது. (விஷச் செடி. இன்றைக்கு யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.) அட்ரோபின் நுண்மயிரின் வேலையை மந்தமாக்கும், சளியை இறுக்கும். ஆனால் இப்ராட்ரோபியமும் டியோட்ரோபியமும் அந்தக் குணம் வராதபடி மாற்றிச் செய்யப்பட்ட மூலக்கூறுகள். டியோட்ரோபியத்தை மூன்று வாரம் கொடுத்துக் கதிரியக்கத் துகள் வழியாக அளந்த ஆய்வில் சளி வெளியேறும் வேகம் குறையவில்லை. வாய் காய்வது உண்மை. வாய் காய்ந்தால் நெஞ்சும் காய்கிறது என்று தோன்றுவதும் இயல்பு.

உண்மையிலேயே காயவைத்தது வேறு. இருமலை அடக்கும் பாட்டிலிலும் "சளி மாத்திரை"யிலும் குளோர்ஃபெனிரமின் இருந்தது. பழைய தலைமுறை அலர்ஜி மருந்தான அதற்கு அட்ரோபின் மாதிரியான குணம் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு வழியில் அது உள்ளே போயிருக்கிறது. இன்னொன்று, கடையில் நிற்கும்போது அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக இடமில்லை என்று விடியற்காலையிலிருந்து பதினொரு மணி வரை தண்ணீரே குடிக்க மாட்டார். அதுவும் கொதிக்கும் இட்லிப் பானை முன்னால் நின்றுகொண்டு.

கணக்கைச் சேர்த்துப் பார்த்தோம். கேப்சூல், டானிக், மாத்திரை என்று விரிப்பான் மருந்து மூன்று வழியில் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சுக்கு நேராகப் போக வேண்டியது சேலையில் கொட்டியது. வயிற்று வழியாகப் போன இரண்டும் கையையும் இதயத்தையும் ஆட்டின.

என் கணக்கில் இருந்த ஓட்டை

மறுநாள் காலை இன்னொன்று தெரிந்தது. அவர் இருமி முடித்ததும் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். விழுங்குகிறார்.

கேட்டேன். முதலில் இல்லை என்றார். மருமகள் தண்ணீர் பிடிக்கப் போன பிறகு மெதுவாகச் சொன்னார்: "சோறு விக்கிறவ தம்பி நானு. நாலு பேரு பாக்கத் துப்புனா எவன் கடைக்கு வருவான்? முப்பது வருசமா முழுங்கித்தான் பழக்கம்." வார்டில் எதிர்க்கட்டில்காரரைப் பார்க்க வரும் கூட்டத்தில் அவர் ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

ஆக 8, 6, 6, 5 என்று நான் எழுதி வைத்ததெல்லாம் அவர் துப்பிய அளவுதான், அவரிடம் கிளம்பிய அளவு அல்ல. மருந்து கூடக் கூடச் சளி குறைந்தது என்ற என் கண்டுபிடிப்பில் பாதி அங்கேயே விழுந்தது. பார்வையாளர் கூட்டம் கூடக் கூடக் குறைந்தது என்றும் அதையே சொல்லலாம்.

எடுத்த முடிவுகள்

பையிலிருந்து தியோஃபிலின், இரண்டு டானிக், சளி மாத்திரை நான்கும் வெளியே போயின. கேப்சூல் சால்புட்டமாலுக்குப் பதில் ஸ்பேசரோடு பம்பு, ஏனென்றால் அதில் ஊதிவிட்டாலும் நஷ்டம் குறைவு. டியோட்ரோபியம் திரும்ப வந்தது, அதையும் பம்பாகவே ஸ்பேசரில், ஒரு நாளைக்கு ஒரு முறை. வாய் காய்ந்தால் கொப்பளிக்கவும், ஒரு துண்டு நெல்லிக்காய் அடக்கிக்கொள்ளவும் சொன்னேன். நெபுலைசரை நிறுத்தவில்லை, ஆனால் அதன் வேலை மாறியது.

இனி வரிசை இப்படி: சால்புட்டமால் நான்கு அழுத்தம். 15 நிமிடம் சும்மா உட்காருவது. பிறகு நெபுலைசரில் 3 விழுக்காடு உப்புநீர் 4 மில்லி. அதன் பிறகு சளி எடுக்கும் பயிற்சி 20 நிமிடம். எல்லாம் முடிந்து நெஞ்சு சுத்தமான பிறகு டியோட்ரோபியம். உப்புநீர் சளிக்குள் நீரை இழுத்து அதை இளக்கும். ஆனால் கூருணர்ச்சியுள்ள குழாயை அது சுருக்கியும் விடும். அதனால்தான் விரிப்பான் முன்னால் வருகிறது. இதையும் நாங்கள் அடிபட்டே கற்றோம். ஏழாம் நாள் இரவுப் பணியில் இருந்தவர்கள் முதல் டோஸை சால்புட்டமால் இல்லாமல் வைத்துவிட்டார்கள். பீக் ஃப்ளோ 150-லிருந்து 115-க்கு விழுந்து இழைப்பு வந்தது. மறுநாள் சரியான வரிசையில் வைத்தபோது 150-லிருந்து 145. அவ்வளவுதான்.

பயிற்சியில் பலமாக இருமுவதைத் தடுத்தேன். வலது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னேன், இடது கீழ்மடல் மேலே வரும்படி. தலையைத் தாழ்த்தவில்லை, அவருக்கு நெஞ்செரிச்சல் உண்டு. அமைதியான மூச்சு, பிறகு மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு, பிறகு வாயைத் திறந்து "ஹா" என்று ஊதுவது, கண்ணாடியில் ஆவி பிடிக்க ஊதுவது போல. முழு மூச்சை இழுக்காமல் நடுத்தர மூச்சிலிருந்து நீளமாக ஊதினால் ஆழத்தில் இருக்கும் சளி நகரும், குழாயும் மடியாது. சளி மேலே வந்துவிட்டது என்று தொண்டைக்குத் தெரிந்த பிறகு ஒரே ஒரு இருமல்.

அதற்கு அழுத்தம் கொடுக்க ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். விரல் பருமன் குழாய் ஒன்று, நுனி பாட்டிலின் அடியைத் தொடும்படி. மூடி கிடையாது, காற்று வெளியேற வேண்டும். குழாயில் மெதுவாக ஊதினால் குமிழி கொப்பளிக்கும். அந்த 10 சென்டிமீட்டர் தண்ணீரின் எதிர்ப்பு குழாய் மடியாமல் உள்ளிருந்து முட்டுக்கொடுக்கும், குமிழியின் அதிர்வு சளியை உலுக்கும். இதற்கென்று விற்கும் கருவிகள் உண்டு. அவற்றின் விலையைக் கேட்டதும் அந்த அம்மா பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "இட்லிப் பானை கொதிக்கிற சத்தம்" என்றார்.

துப்புவதற்குப் பெண்கள் வார்டில் ஒரு மடக்குத் திரை வாங்கினோம். அளவுக்கோடு போட்ட கப்புக்கு மூடி.

எட்டாம் நாள் 22 மில்லி. ஒன்பதாம் நாள் 35. பத்தாம் நாள் 38. மகன் பதறிப்போனார், "இவ்வளவு சளியா, நோய் கூடிருச்சா சார்?" உள்ளே இருந்ததுதான் வெளியே வருகிறது என்று விளக்க வேண்டியிருந்தது. பதினான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது 30 மில்லி, பச்சை போய் மஞ்சள். ஆக்சிஜன் 94.

இதில் எது சளியை வரவழைத்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அடக்கும் டானிக்கை நிறுத்தியது, உப்புநீர், பயிற்சி, ஆன்டிபயாடிக், திரை எல்லாம் ஒரே வாரத்தில் நடந்தன. திரையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

வீட்டில்

காலை 6, மாலை 6 என்று அட்டவணை எழுதிக் கொடுத்தேன். வார்டின் நேரம் அது. இரண்டு வாரம் கழித்து வந்தபோது காலை வேளை ஒரு நாள்கூட நடந்திருக்கவில்லை. நாலரை மணிக்கு அடுப்பு பற்றவைக்கிறவர் ஆறு மணிக்குச் சாம்பார் வாளியோடு நிற்பார், வலது பக்கம் திரும்பிப் படுக்க மாட்டார். நேரத்தை அவரையே சொல்லச் சொன்னேன். காலை வியாபாரம் ஓய்ந்து பதினொன்றுக்கு ஒன்று. இரவுக்கு மாவு அரைத்து வைத்த பிறகு, ஏழு மணிக்கு ஒன்று. எழுந்ததும் பம்பும் ஐந்தாறு "ஹா"வும் மட்டும். அந்த அட்டவணை நின்றது.

நெபுலைசர் கப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு பக்கத்து வீட்டு நெபுலைசரை இரவல் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள், கழுவாமல் ஈரத்தோடு மூடி வைத்து. சூடோமோனாஸுக்கு ஈரம்தான் பிடித்தமான இடம். அங்கிருந்துதான் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. சொந்தமாக ஒன்று வாங்கி, தினமும் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்துத் துணியில் கவிழ்த்துக் காயவைக்கும்படி மருமகளுக்குக் காட்டினேன். இட்லித் துணியைக் காயவைக்கிற கொடியிலேயே அதற்கும் ஓர் இடம் ஒதுக்கிவிட்டார். பாட்டில் தண்ணீரும் தினம் மாற்ற வேண்டும்.

மூன்றாம் மாதம் இட்லிக்கு கேஸ் அடுப்பு வந்தது. சாம்பாருக்கு இன்னும் விறகுதான்.

விளைவு

ஐந்தாம் மாதம் சளியில் இரண்டு டீஸ்பூன் அளவு ரத்தம் வந்தது. அகன்ற குழாய் நோயில் எதிர்பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். காசநோய்ச் சோதனை மறுபடி நெகட்டிவ். உப்புநீரையும் பாட்டிலையும் இரண்டு வாரம் நிறுத்தி, அமைதியான "ஹா" மட்டும் வைத்து, பிறகு படிப்படியாகத் திரும்ப ஆரம்பித்தோம். மீண்டும் ரத்தம் வரவில்லை.

ஒரு வருட முடிவில் ஆன்டிபயாடிக் இரண்டு தடவை, அனுமதி ஒரு தடவை. ஆறு நிமிட நடை, வீட்டுக்குப் போகும்போது 240 மீட்டர், இப்போது 300. நாளொன்றுக்குச் சளி 15 மில்லி அளவில், பெரும்பாலும் வெள்ளை. முதல் நொடி ஊதும் அளவு 0.95 லிட்டர், அதாவது மாற்றமே இல்லை என்று சொல்லலாம். போன நுரையீரல் போனதுதான். பழைய டானிக் ஒரு தடவை திரும்ப வீட்டுக்குள் வந்தது, ஜலதோஷம் பிடித்தபோது. மருமகள் லேபிளைப் படித்துவிட்டுக் கடையிலேயே மாற்றி வாங்கி வந்ததாகச் சொன்னார்; மாற்றி வாங்கியதும் எங்களுக்கு வேண்டாத இன்னொன்றுதான்.

இன்னொரு தடவை இப்படி ஒருவர் வந்தால்

மருந்துப் பையை முதல் நாளே வாங்கி நர்ஸ் மேஜையில் வைப்போம், ரசீது மாதிரி ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து. இது இப்போது நடக்கிறது, வீட்டார் சிலருக்குப் பிடிக்கவில்லை. தியோஃபிலின் எந்தப் பெயரில் இருந்தாலும் கேஸ் ஷீட்டின் மேலேயே சிவப்பு மையில் எழுதுகிறோம்.

சளி வரவில்லை என்பதற்காக மட்டும் நெபுவின் இடைவெளியைக் குறைக்க மாட்டோம். இழைப்பு கூடினால் குறைப்பது வேறு விஷயம். இருமல் வேகத்தை நெபுவுக்கு முன்னும் பின்னும் அளப்பதை அகன்ற குழாய் நோயாளி எல்லோருக்கும் செய்ய நினைத்தேன். இதுவரை ஒன்பது பேரிடம் செய்திருக்கிறேன். பெரும்பாலோருக்கு வேகம் கூடத்தான் செய்தது; இந்த அம்மா மாதிரி குறைந்தவர் இன்னும் ஒருவர் மட்டுமே. ஆகவே இதை வைத்து யாரும் விரிப்பானைக் கண்டு பயப்பட வேண்டாம்.

மாற்றங்களை ஒரே வாரத்தில் குவிக்காமல் இரண்டு நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகச் செய்திருந்தால் எது உதவியது என்று சொல்லியிருக்கலாம். நோயாளி அவதிப்படும்போது அதற்குப் பொறுமை வருமா என்பது வேறு. ரத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்பது இப்போது வீட்டுக்கு அனுப்பும் தாளில் முதல் பத்தியாக இருக்கிறது.

சளியை விழுங்குகிறீர்களா என்று பெண்களிடம் கேட்பதை நர்ஸம்மாவிடம் ஒப்படைத்துவிட்டேன். அவரிடம் சொல்கிறார்கள், என்னிடம் சொல்வதில்லை. வார்டில் பன்னிரண்டு கட்டிலுக்கு இப்போது மூன்று மடக்குத் திரை இருக்கிறது. இன்னும் இரண்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.